சாகஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனை: எதிர்ப்பொருள்களைத் தேடுவதும் முடிவைப் பொருள்கொள்வதும்

1909ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று, பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த லசான்ஸ் என்னும் சிற்றூரில், காய்ச்சலால் அவதியுற்ற பெரெனிஸ் என்ற இரண்டு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். தம் ஆசான் ஒஸ்வால்டோ குரூசின் பெயரால் அவர் டிரிப்பனசோமா குரூசி என்று அழைத்த உயிரி அது. அந்தக் குழந்தை பிழைத்து, எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தார். அவருடைய முதுமையிலும் அதே ஒட்டுண்ணி அவர் உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

சாகஸ் நோயைக் கண்டறிவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஒருவரின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது. தொற்றின் தொடக்க வாரங்களில் ஒரு துளி இரத்தமும் ஒரு நுண்ணோக்கியும் போதும். அதற்குப் பிறகு வரும் பல பத்தாண்டுகளில் ஒட்டுண்ணி உடலில் இருந்தாலும் இரத்தத்தில் அது மிக அரிதாகவே தென்படும் என்பதால், அதை நேரடியாகத் தேடுவதைக் கைவிட்டு, அதற்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்களை, அதாவது ஆன்டிபாடிகளை, தேட வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி இந்நோய்த் தொற்று உள்ளவர்கள் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்குத் தொற்று இருப்பதை அறியாதவர்கள். அவர்களை அடையாளம் காண்பதற்கு நடைமுறையில் உள்ள முதன்மையான வழி எதிர்ப்பொருள் பரிசோதனையே.

இந்த வழிகாட்டி மருத்துவ மாணவர்களுக்கும், ஆய்வகப் பணியாளர்களுக்கும், சோதனை முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பொருளை அறிய விரும்பும் பொது வாசகர்களுக்கும் உரியது. சிகிச்சை முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும்.

முதல் படி: தொற்று எப்போது ஏற்பட்டிருக்கும் என்று கணிக்கவும்

எந்தச் சோதனையைக் கேட்பது என்பதை முடிவு செய்வதற்கு முன்பு, எத்தனை நாள் ஆயிற்று என்ற கேள்விக்கு விடை தேட வேண்டும். என் பார்வையில், சாகஸ் நோயறிதலில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் நேர்வதில்லை. தவறான காலத்தில் சரியான சோதனையைக் கேட்பதால் அவை நேர்கின்றன.

நோய் இரண்டு கட்டங்களைக் கொண்டது. தீவிரக் கட்டம் சுமார் 4 முதல் 8 வாரங்கள் நீடிக்கும். இக்காலத்தில் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் ஏராளமாக நீந்தும். ஆயினும் பலருக்கு லேசான காய்ச்சலோடு, அல்லது எந்த அறிகுறியுமின்றி, அது கடந்துவிடும். இந்நோயைப் பரப்பும், இரத்தம் உறிஞ்சும் பூச்சியின் எச்சம் கண்ணில் பட்டவர்களுக்கு ஒரு பக்க இமை வலியின்றி வீங்கலாம். இதற்கு ரோமானாவின் அறிகுறி என்று பெயர். அடுத்து வருவது நாள்பட்ட கட்டம். சிகிச்சை அளிக்காவிட்டால் அது பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடரும். அப்படித் தொற்று நீடிப்பவர்களில் 30 முதல் 40 சதவீதத்தினருக்கு, பல ஆண்டுகளுக்குப் பிறகு, இதயமோ உணவுக்குழாயோ பெருங்குடலோ பாதிக்கப்படுகிறது.

காலத்தைக் கணிக்க, தொற்று வந்த வழியையும் கேட்டறிய வேண்டும். பிரேசிலில் பார்பெய்ரு என்றும், பொலிவியாவிலும் அர்ஜென்டினாவிலும் வின்சுக்கா என்றும் அழைக்கப்படும் இரத்தம் உறிஞ்சும் பூச்சியால் தொற்று வந்திருந்தால், அறிகுறிகள் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் தோன்றும். மாசுபட்ட பழச்சாறு போன்ற உணவால் வந்திருந்தால் சுமார் 3 முதல் 22 நாட்களில் தோன்றலாம். இரத்தம் ஏற்றியதால் வந்திருந்தால் பல வாரங்கள், சில வேளை மாதங்கள்கூட ஆகலாம். தாயின் பிறந்த ஊர், குழந்தைப்பருவத்தில் மண் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட வீட்டில் வாழ்ந்தாரா என்பது, முன்பு இரத்தம் ஏற்றப்பட்டதா என்பது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். மாட்ரிட்டிலோ பார்சிலோனாவிலோ வாழும் ஒரு பொலிவியப் பெண்ணுக்கு, கோச்சபாம்பாவில் கழிந்த இளமைக்காலமே மிக முக்கியமான மருத்துவக் குறிப்பாக இருக்கக்கூடும்.

இரண்டாம் படி: எதிர்ப்பொருள்கள் உருவாகும் வரிசையைப் புரிந்துகொள்ளவும்

சோதனை முடிவைச் சரியாகப் படிக்க, உடல் இந்த ஒட்டுண்ணிக்கு எவ்வாறு மறுவினை காட்டுகிறது என்பதை ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும்.

தொற்று தொடங்கியவுடன், எதிர்ப்பொருளை உற்பத்தி செய்யும் பி அணுக்கள் பெருமளவில் தூண்டப்படுகின்றன. ஆனால் அந்தத் தூண்டல் குறிவைத்ததாக இருப்பதில்லை. ஒட்டுண்ணிக்குத் தொடர்பில்லாத எதிர்ப்பொருள்களும் அப்போது பெருகுகின்றன. குறிப்பான எதிர்ப்பொருள்கள் தாமதமாகவே எழுகின்றன. இந்தத் தாமதம் ஒட்டுண்ணிக்குச் சாதகமானது, ஏனெனில் அது உயிரணுக்களுக்குள் புகுந்து பெருகுவதற்கு அக்காலமே போதும். நோயறிதலுக்கோ அது ஓர் இடைவெளியை உண்டாக்குகிறது. முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் சோதனை எதிர்மறையாக வந்தால், தொற்று இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

முதலில் தோன்றுபவை ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள்கள். அவற்றைத் தொடர்ந்து, தொற்றுக்குச் சில வாரங்களுக்குப் பின் ஐஜிஜி வகை மேலெழுந்து நிலைபெறுகிறது. ஒட்டுண்ணி தன் மேற்பரப்பிலிருந்து இரத்தத்தில் உதிர்க்கும் புரதங்களில் ஒன்றில் பன்னிரண்டு அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரு தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. தீவிரக் கட்டத்தில் முந்திக்கொண்டு எழும் எதிர்ப்பொருள்களில் பல இதையே குறிவைக்கின்றன. அதனாலேயே இதற்குத் தீவிரக் கட்டத்தில் உதிரும் ஆன்டிஜென் (எதிர்ப்பொருள் உருவாகத் தூண்டும் பொருள்) என்ற பொருளில் பெயரிட்டு, சாபா என்று சுருக்கி அழைக்கிறார்கள். இப்புரதம் டிரான்ஸ்-சியாலிடேஸ் என்ற நொதியின் வால்பகுதியாகும். விருந்தோம்பியின், அதாவது தான் குடியேறிய உடலின், சியாலிக் அமிலத்தைப் பறித்துத் தன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள ஒட்டுண்ணி பயன்படுத்தும் கருவி அந்நொதி. உடலின் முதற்கட்ட எதிர்ப்பு நொதி வேலைசெய்யும் பகுதியைத் தாக்காமல் வால்பகுதியின் மீது திரும்புவதால், கருவி சிறிது காலம் தடையின்றி இயங்குகிறது என்று கருதப்படுகிறது.

இன்னொரு குழு ஆல்பா-கேலக்டோஸ் என்ற சர்க்கரைத் தொகுதிக்கு எதிரானது. மனிதரும் பழைய உலகக் குரங்குகளும் (ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகள்) இச்சர்க்கரைத் தொகுதியைத் தம் உயிரணுக்களில் உருவாக்கும் திறனைப் பரிணாமத்தில் இழந்துவிட்டனர். குடல் பாக்டீரியாக்களின் தூண்டுதலால் இதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் எல்லா மனிதரிடமும் இயல்பாகவே ஓரளவு இருக்கின்றன. டிரிப்பனசோமா குரூசியின் மேற்பரப்பில் இச்சர்க்கரை நிறைந்திருப்பதால், சாகஸ் நோயாளிகளிடம் இவ்வகை எதிர்ப்பொருள்கள் மிக உயர்ந்த அளவை அடைகின்றன. இரத்தத்தில் நீந்தும் ஒட்டுண்ணியை உடைத்தழிக்கும் ஆற்றலும் இவற்றுக்கு உண்டு.

அவ்வளவு ஆற்றல் இருந்தும் தொற்று ஏன் ஒழிவதில்லை? எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. இதயத் தசை அணுக்களுக்குள்ளும் குடல் சுவர் அணுக்களுக்குள்ளும் உருண்டை வடிவில் ஒளிந்திருப்பவற்றை அவை எட்டுவதில்லை. அங்கிருந்து அவ்வப்போது வெளிவரும் சிறு எண்ணிக்கையிலான ஒட்டுண்ணிகள் பி அணுக்களுக்கு ஓயாமல் நினைவூட்டிக்கொண்டிருப்பதால், ஐஜிஜி அளவு பல பத்தாண்டுகளுக்குக் குறையாமல் நிற்கிறது. நாள்பட்ட கட்டத்தில் எதிர்ப்பொருள் சோதனை நம்பகமாக இருப்பதற்கு இந்த நீடித்த தூண்டலே காரணம். சிகிச்சைக்குப் பிறகு அதே சோதனை நம்மைக் காக்க வைப்பதற்கும் இதுவே காரணம் என்பதைப் பின்னர் காண்போம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். எதிர்ப்பொருள் அளவு உயர்ந்திருப்பதால் இதயம் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ள முடியாது. இதயத்தின் மயோசின் புரதத்தோடும் நரம்பு ஏற்பிகளோடும் பிணையும் எதிர்ப்பொருள்கள் சில நோயாளிகளிடம் காணப்பட்டிருப்பதும், அவற்றுக்கு நோயில் பங்கு உண்டா என்ற விவாதம் நீண்டகாலமாக நடந்துவருவதும் உண்மை. எனினும் வழக்கமான சாகஸ் சோதனையில் வரும் எண், தொற்று உண்டா இல்லையா என்பதற்கு மட்டுமே விடை தரும். இதயத்தின் நிலையை அறிய இசிஜியும் எக்கோவும் வேண்டும்.

மூன்றாம் படி: தீவிரக் கட்டமாக இருந்தால் ஒட்டுண்ணியையே தேடவும்

தொற்று ஏற்பட்டுச் சில வாரங்களே ஆகியிருக்கும் என்று கணித்தால், காய்ச்சல் இருக்கும்போதே இரத்தம் எடுத்து, உறைவதற்கு முன் நேரடியாக நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சாயமேற்றாத புதிய இரத்தத்தில், சிவப்பணுக்களைத் தள்ளிக்கொண்டு விரைந்து நெளியும் ஒட்டுண்ணியை அனுபவமுள்ள கண் எளிதில் அடையாளம் காணும். முதல் முறை தென்படவில்லை என்றால் செறிவூட்டும் முறைகளுக்குச் செல்ல வேண்டும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தைச் சுழற்றி, சிவப்பணுக்களுக்குச் சற்று மேலே படியும் வெள்ளை அடுக்கின் ஓரத்தைப் பார்ப்பது ஒரு முறை. இரத்தத்தை உறையவிட்டு, பிரிந்த சீரத்தை, அதாவது தெளிந்த நீர்மத்தை, இருமுறை சுழற்றி, அடியில் படிவதைப் பார்க்கும் ஸ்ட்ரவுட் முறை மற்றொன்று. இவை கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசிப் பார்க்கும் சாதாரண முறையைவிடப் பல மடங்கு நம்பகமானவை. ஒரு நாள் எதிர்மறையாக வந்தால் அடுத்தடுத்த நாட்களில் திரும்பச் செய்ய வேண்டும். வசதியுள்ள இடங்களில் ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனையையும் உடன் செய்வது நல்லது.

ஐஜிஎம் சோதனை இக்கட்டத்துக்குப் பொருத்தமானது என்று தோன்றலாம். ஆனால் சாகஸ் நோய்க்கான ஐஜிஎம் சோதனைகள் ஐஜிஜி சோதனைகள் அளவுக்குத் தரப்படுத்தப்படவில்லை. தவறான நேர்மறை முடிவுகளும் அவற்றில் வருவதுண்டு. எனவே பிற ஆய்வகங்களின் முடிவுகளைச் சரிபார்க்கும், அனுபவமுள்ள மேற்கோள் ஆய்வகங்களில், மற்றச் சான்றுகளோடு சேர்த்து மட்டுமே அவற்றைப் பயன்படுத்த வேண்டும். அதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. முதல் நாளே ஒரு சீர மாதிரியைச் சேமித்து, குறைந்தது இரண்டு மூன்று வாரங்கள் கழித்து இன்னொன்றை எடுத்து, இரண்டையும் ஒரே நாளில் ஒரே சோதனையில் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது எதிர்மறையாகவும் இரண்டாவது நேர்மறையாகவும் இருந்தால், அல்லது ஐஜிஜி அளவு தெளிவாக உயர்ந்திருந்தால், தொற்று அண்மையது என்று கொள்ளலாம்.

எதிர்ப்பொருள் தீவிரக் கட்டத்தில் உதவாது என்று முற்றிலும் ஒதுக்கிவிடவும் கூடாது. 2007ஆம் ஆண்டு டிசம்பரில் வெனிசுவேலாவின் கரகாஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில், மாசுபட்ட கொய்யாச் சாறு குடித்ததால் தொற்று பரவியது. நூற்றுக்கணக்கான மாணவர்களையும் பணியாளர்களையும் ஒருசேரச் சோதிக்க வேண்டியிருந்த அந்த நெருக்கடியில், எதிர்ப்பொருள் சோதனைகளே சல்லடையாக உதவின. 103 பேருக்குத் தொற்று உறுதியானது. ஒரு குழந்தை இறந்தது. ஒரே நாளில் ஒரே மூலத்திலிருந்து பலருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கும்போது, எதிர்ப்பொருள் தோன்றுவதற்கான கால இடைவெளியைக் கணக்கிட்டுச் சோதிக்க முடியும் என்பது அத்தகைய சூழலுக்கே உரிய வசதி.

நான்காம் படி: நாள்பட்ட கட்டத்தில் இரண்டு வேறுபட்ட சோதனைகளைத் தேர்ந்தெடுக்கவும்

நாள்பட்ட தொற்றை உறுதி செய்ய, ஐஜிஜி எதிர்ப்பொருளைத் தேடும் இரண்டு சோதனைகள் நேர்மறையாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கக் கண்டத்து நாடுகளும் பின்பற்றிவரும் நெறி. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்நெறியின் உயிர்நாடி. அதுவே நடைமுறையில் அடிக்கடி மறக்கப்படுகிறது.

எந்த வகையில் வேறுபட வேண்டும் என்பதை அறிய, சோதனைகளின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். 1913இல் குரெய்ரோ, மச்சாடோ என்ற இரு பிரேசில் ஆய்வாளர்கள் உருவாக்கிய நிரப்புப் பொருள் பிணைப்புச் சோதனையே சாகஸ் நோய்க்கான முதல் எதிர்ப்பொருள் சோதனை. பல பத்தாண்டுகள் கோலோச்சிய அது இன்று வழக்கொழிந்துவிட்டது. இப்போது புழங்குபவை வேறு. ஒட்டுண்ணியை முழுதாகக் கண்ணாடித் தகட்டில் நிலைநிறுத்தி, நீர்த்த சீரத்தை அதன்மேல் இட்டு, ஒளிரும் சாயம் பூண்ட இரண்டாம் எதிர்ப்பொருளால் வெளிப்படுத்துவது மறைமுக ஒளிர்வுச் சோதனை. ஆன்டிஜென் பூசிய சிவப்பணுக்கள் சீரத்தோடு சேர்ந்து திரள்கின்றனவா என்று பார்ப்பது மறைமுகத் திரட்சிச் சோதனை. ஆன்டிஜென் பூசிய குழிகளில் நொதி வினையால் தோன்றும் நிறத்தைக் கருவியால் அளப்பது எலைசா. நிறத்துக்குப் பதிலாக ஒளியை அளக்கும் தானியங்கிச் சோதனைகள் பெரிய இரத்த வங்கிகளில் உள்ளன. விரல் நுனி இரத்தத்தில் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் கோடு காட்டும் விரைவுச் சோதனைப் பட்டைகளும் உண்டு.

முறை ஒருபுறமிருக்க, குழியில் பூசப்பட்டுள்ள ஆன்டிஜென் எது என்பது அதனினும் முக்கியமானது. ஆய்வகத்தில் வளர்த்த ஒட்டுண்ணியை உடைத்துப் பெற்ற கலவையில் நூற்றுக்கணக்கான புரதங்கள் இருப்பதால், தொற்றுள்ளவரின் சீரம் எதையாவது ஒன்றைப் பற்றிக்கொள்ளும். ஆகவே அத்தகைய சோதனை தொற்றுள்ளவரை எளிதில் தவறவிடாது. அதே கலவையில் ஒட்டுண்ணியின் உறவினங்களுக்குப் பொதுவான புரதங்களும் இருப்பதால், தொற்றில்லாத சிலரையும் அது பிடித்துவிடும். மரபணுப் பொறியியலால் தயாரித்த சில தேர்ந்த புரதங்களை (மறுசேர்க்கைப் புரதங்களை) மட்டும் பூசும் சோதனை இதற்கு நேர்மாறானது. அது பிறரை வீணாகப் பிடிப்பது குறைவு, ஆனால் அந்தச் சில புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் இல்லாத நோயாளியைத் தவறவிடக்கூடும்.

இதிலிருந்து தேர்வு நெறி தானே விளங்கும். ஒன்று முழு ஒட்டுண்ணிக் கலவையாலானது, மற்றொன்று மறுசேர்க்கைப் புரதங்களாலானது என்று அமைவதே சிறந்த இணை. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் எலைசாவை வாங்கி, இரண்டிலும் ஒரே வகைக் கலவையே பூசப்பட்டிருந்தால், ஒரே சாட்சியை இருமுறை விசாரித்தது போலாகும். கிட்டோடு வரும் தாளில் ஆன்டிஜென் பற்றிய வரியைப் படிப்பது இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் கிட் வாங்குவதை எந்த விலைப்பட்டியலும் நியாயப்படுத்தாது.

ஐந்தாம் படி: எண்ணைப் படிக்கும்போது பின்னணிக் கணக்கையும் போடவும்

எலைசா முடிவு பெரும்பாலும் ஒரு விகிதமாக வரும். மாதிரியின் ஒளியடர்த்தியை எல்லை மதிப்பால் வகுத்துக் கிடைப்பது அது. ஒன்றுக்கு மேல் என்றால் நேர்மறை, கீழ் என்றால் எதிர்மறை. எல்லையை ஒட்டி, பெரும்பாலும் பத்து சதவீத அளவில், ஒரு சாம்பல் பகுதியைப் பல கிட்டுகள் வகுத்திருக்கும். ஒளிர்வு, திரட்சிச் சோதனைகளில் முடிவு டைட்டராக, அதாவது எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் சீரம் வினைபுரிகிறது என்ற அளவாக, தரப்படும். ஒரு கிட்டின் எண்ணை இன்னொரு கிட்டின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

அடுத்து, ஒரே முடிவு வெவ்வேறு மனிதரிடம் வெவ்வேறு பொருள் தருவதை ஒரு கணக்கால் காணலாம். இங்கே உள்ள எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. தொற்றுள்ள 100 பேரில் 99 பேரைக் கண்டுபிடிக்கும், தொற்றில்லாத 100 பேரில் 99 பேரைச் சரியாக விடுவிக்கும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். நோய் மிக அரிதான ஒரு நகரத்தில் 10,000 பேரில் இருவருக்கே தொற்று உள்ளது என்றால், சோதனை அந்த இருவரோடு தொற்றில்லாத ஏறத்தாழ 100 பேரையும் நேர்மறையாகக் காட்டும். நேர்மறைத் தாளைப் பெற்றவர்களில் ஐம்பதில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். அதே சோதனையை, 1,000 பேரில் 400 பேருக்குத் தொற்றுள்ள, தென் அமெரிக்காவின் கிரான் சாக்கோ சமவெளிப் பகுதிக் கிராமம் போன்ற ஓர் இடத்தில் செய்தால், 396 பேர் சரியாகவும் 6 பேர் தவறாகவும் நேர்மறையாவார்கள். அங்கே ஒரே நேர்மறை முடிவுகூடப் பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

இரண்டாவது சோதனையின் பயனும் இதே கணக்கில் தெரிகிறது. நகரத்தின் 100 தவறான நேர்மறைகளை, முதலாவதோடு தொடர்பற்ற பிழைகளைக் கொண்ட இன்னொரு 99 சதவீதச் சோதனையில் இட்டால், ஏறத்தாழ ஒருவரே எஞ்சுவார். பிழைகள் ஒரே மூலத்திலிருந்து வருமானால் நூறு பேரும் அப்படியே எஞ்சலாம்.

இரண்டு முடிவுகளும் முரண்பட்டால், மூன்றாவதாக வேறொரு முறையிலான சோதனையைச் செய்ய வேண்டும். ஒட்டுண்ணி வெளியிடும் ஆன்டிஜென்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் பிளாட் வகைச் சோதனைகளையும் கதிரியக்கத் தடம்கொண்ட படிவுச் சோதனையையும் இதற்காக மேற்கோள் ஆய்வகங்கள் பயன்படுத்தியிருக்கின்றன. மூன்றும் தெளிவு தராவிட்டால், சில மாதங்கள் கழித்துப் புதிய மாதிரியில் திரும்பச் செய்ய வேண்டும். முரண்பட்ட முடிவு என்பது சில வேளை ஆய்வகப் பிழையாகவும், சில வேளை மிக அண்மைய தொற்றாகவும், சில வேளை முன்னரே சிகிச்சை பெற்று எதிர்ப்பொருள் மங்கிவருபவரின் அடையாளமாகவும் இருக்கலாம்.

நாள்பட்ட கட்டத்தில் பிசிஆர் எதிர்மறையாக வந்ததைக் காட்டி, இரண்டு நேர்மறை எதிர்ப்பொருள் முடிவுகளைத் தள்ளுபடி செய்யவே கூடாது. குழாயில் எடுத்த சில மில்லிலிட்டர் இரத்தத்தில் அன்று ஒட்டுண்ணி இல்லை என்பதற்கு மேல் அந்த முடிவு எதையும் சொல்லாது.

ஆறாம் படி: ஊரையும் ஒட்டுண்ணியின் உறவினங்களையும் கணக்கில் கொள்ளவும்

லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியும் டிரிப்பனசோமா குரூசியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ஒருசேரப் பரவியுள்ள பிரேசில், பொலிவியா, வட அர்ஜென்டினாப் பகுதிகளில், லீஷ்மேனியா தொற்றுள்ளவரின் சீரம் சாகஸ் சோதனையில், சிறப்பாக முழு ஒட்டுண்ணிக் கலவைச் சோதனையில், தவறாக வினைபுரியலாம். கொலம்பியா, வெனிசுவேலா, மத்திய அமெரிக்க நாடுகளில் டிரிப்பனசோமா ரேஞ்செலி என்ற இன்னொரு உறவினமும் மனிதரைத் தொற்றுகிறது. அது நோய் உண்டாக்குவதில்லை, ஆனால் எதிர்ப்பொருள்களைத் தூண்டி ஆய்வகத்தைக் குழப்பும். இத்தகைய ஊர்க்காரர்களிடம் மறுசேர்க்கைப் புரதச் சோதனையின் சொல்லுக்குக் கூடுதல் எடை தர வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சிக்கலும் உண்டு. டிரிப்பனசோமா குரூசி ஒரே அச்சில் வார்த்த உயிரி அன்று. மரபணு அடிப்படையில் ஆறு பெரும் பிரிவுகளும், வௌவால்களோடு தொடர்புடைய ஏழாவது ஒன்றும் அதற்கு உண்டு. எந்தப் பிரிவின் புரதத்தைக் கொண்டு கிட் தயாரிக்கப்பட்டதோ அதற்கு நெருங்கிய ஒட்டுண்ணி உலவும் ஊரில் அது நன்றாக வேலை செய்யும். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வணிகச் சோதனைகள் சில எதிர்பார்த்ததைவிட அதிகமானவர்களைத் தவறவிட்டிருக்கின்றன. 2009இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், பொலிவியாவில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது நோயாளிகளைக் கண்டுபிடித்த விரைவுச் சோதனைகள், பெருவின் அரேக்கிபாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைத்தான் கண்டுபிடித்தன. ஆகவே ஒரு சோதனையை வாங்குவதற்கு முன், தயாரிப்பாளர் தரும் சதவீதம் எந்த நாட்டுச் சீரத்தில் அளக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

ஏழாம் படி: கர்ப்பிணியையும் பிறந்த குழந்தையையும் தனியாகக் கையாளவும்

கர்ப்பிணிக்கு நான்காம் படியில் சொன்ன இரு சோதனைகளே போதும். குழந்தையிடம்தான் எதிர்ப்பொருள் நம்மை ஏமாற்றும். தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குக் கடந்துவிடுவதால், தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும், தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், எதிர்ப்பொருள் சோதனையில் நேர்மறையாகவே இருப்பார்கள். உண்மையில் தொற்றுவது நூற்றில் ஏறத்தாழ ஐந்து குழந்தைகளுக்கே. தொற்றிய குழந்தைகளிலும் பலர் பார்வைக்கு முழு ஆரோக்கியத்தோடு இருப்பார்கள்.

எனவே பிறந்தவுடன் கொப்பூழ்க்கொடி இரத்தத்திலோ குழந்தையின் இரத்தத்திலோ, மெல்லிய குழாய்ச் செறிவூட்டல் முறையில் ஒட்டுண்ணியைத் தேட வேண்டும். முடிந்தால் பிசிஆரும் செய்ய வேண்டும். முதல் சோதனை எதிர்மறையாக இருந்தால், ஒன்று முதல் இரண்டு மாத வயதில் திரும்பச் செய்வது பயனுள்ளது, ஏனெனில் இரத்தத்தில் ஒட்டுண்ணி எண்ணிக்கை அப்போது உயர்ந்திருக்கும். பிறகு தாயின் எதிர்ப்பொருள்கள் மறைந்திருக்கக்கூடிய 8 மாதங்களுக்குப் பின், வழக்கமாக 10 மாத வயதில், எதிர்ப்பொருள் சோதனை செய்ய வேண்டும். அது எதிர்மறை என்றால் குழந்தைக்குத் தொற்றில்லை என்று விடுவிக்கலாம். இரண்டு சோதனைகளிலும் நேர்மறை என்றால் சிகிச்சை தொடங்க வேண்டும். முதல் ஆண்டிலேயே பென்ஸ்னிடசோல் அல்லது நிஃபுர்டிமாக்ஸ் என்ற மருந்து தரப்பட்டால் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் குணமாகிறார்கள். பத்தாம் மாதச் சோதனைக்குத் தாய்மார் பலர் திரும்பி வருவதில்லை என்பதே இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை. அதனால் தடுப்பூசிக்காக வரும் நாளோடு அதை இணைத்துவிடுவது நடைமுறைக்கு ஏற்றது என்று கருதுகிறேன். அந்தத் தாயின் மற்றப் பிள்ளைகளையும் அதே நாளில் சோதிக்க மறக்கக் கூடாது.

எட்டாம் படி: எதிர்ப்புச் சக்தி குன்றியவரிடமும் இரத்த வங்கியிலும் நெறியை மாற்றவும்

எய்ட்ஸ் நோயாளியும் உறுப்பு மாற்றம் பெற்றவரும் போதிய எதிர்ப்பொருளை உருவாக்காமல் இருக்கலாம் என்பதால், அவர்களிடம் எதிர்மறை முடிவு நிம்மதி தராது. முன்பே தொற்றுள்ளவருக்கு எதிர்ப்புச் சக்தி சரியும்போது ஒட்டுண்ணி மீண்டும் பெருகலாம். எச்ஐவி உள்ளவரிடம் அது பெரும்பாலும் மூளையைத் தாக்கும். இப்பெருக்கத்தை எதிர்ப்பொருள் காட்டாது. இரத்தத்திலோ மூளைத் தண்டுவட நீரிலோ ஒட்டுண்ணியைக் காண வேண்டும், அல்லது பிசிஆரில் அதன் அளவு தொடர்ந்து ஏறுவதைக் காட்ட வேண்டும். தொற்றுள்ள கொடையாளியின் உறுப்பைப் பெற்றவரை முதல் இரண்டு மாதங்கள் வாரந்தோறும், மூன்றாம் மாதம் இரு வாரங்களுக்கு ஒருமுறை, பின்னர் மாதந்தோறும் இவ்வாறு கண்காணிப்பது அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் முறை.

இரத்த வங்கியின் நோக்கம் வேறு. அங்கே ஒருவரைக்கூடத் தவறவிடக் கூடாது என்பதால், உணர்திறன் மிக்க ஒரே சோதனையில் நேர்மறையானாலே அந்த இரத்தம் ஒதுக்கப்படும். நம்பகமான சோதனைகள் பரவலாவதற்கு முன் ஒட்டுண்ணியைக் கொல்ல இரத்தப் பையில் ஜென்ஷியன் வயலட் சாயத்தைக் கலந்திருக்கிறார்கள். இம்முறை 1953இல் சாவோ பாவுலோவில் முன்மொழியப்பட்டது. ஊதா நிற இரத்தத்தை ஏற்றிக்கொண்டவர்கள் ஏராளம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2006 டிசம்பரில் ஓர் எலைசாவுக்கு அனுமதி கிடைத்து, 2007 ஜனவரியில் கொடையாளர் சோதனை தொடங்கியது. ஒதுக்கப்பட்ட கொடையாளிக்கு அனுப்பும் கடிதத்தில், இது இன்னும் நோயறிதல் ஆகவில்லை என்றும், இரண்டாவது சோதனை தேவை என்றும் தெளிவாக எழுத வேண்டும்.

ஒன்பதாம் படி: சிகிச்சைக்குப் பின் எதைப் பார்ப்பது

பொதுவாக 60 நாட்கள் நீளும் மருந்துப் போக்கு முடிந்தவுடன், குணமாயிற்றா என்று நோயாளி கேட்பது இயல்பு. அதற்கு உடனடி விடை தரும் சோதனை வழக்கத்தில் இல்லை. எதிர்ப்பொருள் சோதனை எதிர்மறையாக மாறுவதே குணமானதற்கான ஏற்கப்பட்ட அடையாளம். ஆனால் மாற எடுக்கும் காலம் தொற்றின் வயதைப் பொறுத்தது. முதல் ஆண்டில் சிகிச்சை பெற்ற குழந்தையிடம் சில மாதங்களில் மாறிவிடும். தொற்றியபின் சில ஆண்டுகளே ஆன பள்ளிப் பருவத்தினரிடம் பல ஆண்டுகள் ஆகலாம். நாற்பது ஆண்டுகளாகத் தொற்றோடு வாழ்ந்த பெரியவரிடம் இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். சிகிச்சைக்குப் பின் பிசிஆர் மீண்டும் நேர்மறையானால் மருந்து தோற்றது என்று கொள்ளலாம். எதிர்மறையாகவே நீடித்தால் அது நம்பிக்கை தரும் குறி மட்டுமே, சான்றன்று.

இந்த நீண்ட காலத்தில் பார்க்க வேண்டியது எண்ணின் போக்கை. ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, அளவு படிப்படியாகச் சரிகிறதா என்று கவனிக்க வேண்டும். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கிட்டுகளால் பெற்ற எண்களை ஒரே வரைபடத்தில் கோத்தால், உண்மையில் இல்லாத சரிவும் ஏற்றமும் தோன்றும். ஆகவே மருந்து தொடங்கும் முன் எடுத்த சீரத்தின் ஒரு பகுதியைச் சிறு குழாய்களில் பிரித்து, தேதியும் கிட்டின் பெயரும் எழுதி, உறைநிலையில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை புதிய மாதிரி வரும்போதும் அந்தப் பழைய குழாய்களில் ஒன்றை எடுத்து, இரண்டையும் ஒரே தட்டின் அடுத்தடுத்த குழிகளில் இட்டு, ஒரே நாளில் படிக்க வேண்டும்.